பானை ஓடும் பாலின் வரலாறும்

மன்னரின் வெற்றியைக் கல்வெட்டுக் கூறும். அவர் அளித்த கொடையைச் செப்பேடு கூறும். அவர் வெளியிட்ட நாணயம் அவர்தம் ஆட்சி பரந்த எல்லையைக் கூறும். ஆனால், அம்மன்னரின் குடிகள் அன்றாடம் எதை உண்டனர், எதைக் காய்ச்சினர், தம் குழந்தைகளுக்கு எதை ஊட்டினர் என்பதை எவரும் கல்லிற் பொறித்து வைத்தாரல்லர். மாந்தரிற் பெரும்பாலோரின் வாழ்நாள் அடுப்புக்கும் வயலுக்கும் தொழுவத்துக்கும் இடையிலேயே கழிந்தது. அவ்வாழ்வே வரலாற்றின் பெரும்பகுதி. எனினும், எழுதப்பட்ட வரலாற்றில் அதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. எழுத்துத் தோன்றுவதற்கு முந்திய பல்லாயிரம் ஆண்டுகளுக்கோ அச்சிறிய இடமும் இல்லை.

உணவு என்பது உண்டவுடன் முடிந்துபோகும் பொருள். ஆட்டின் எலும்பும் மாட்டின் எலும்பும் மண்ணிற் கிடக்கும். தீயிற் கருகிய தானியம் சில கிடைக்கும். பாலும் நெய்யும் கீரையும் அவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே, பண்டை மக்களின் உணவில் இறைச்சிக்கும் தானியத்துக்கும் சான்று உண்டு, பாலுக்கு நேரான சான்று இல்லை என்னும் நிலை நெடுங்காலம் நிலவிற்று. இக்குறையை நிரப்பியது பொன்னுமன்று, மணியுமன்று. குப்பைமேட்டில் எறியப்பட்ட பானை ஓடு. அவ்வோட்டின் சுவரில் ஊறிக் கிடக்கும் கொழுப்பின் எச்சத்தை இரசாயன முறையால் ஆராய்ந்து, பல்லாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அடுக்களையின் செய்தியை அறியும் ஆய்வுத்துறை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து விரைந்து வளர்ந்துள்ளது. மனிதன் பாலை உணவாகக் கொண்ட வரலாறு அத்துறையினால் எவ்வாறு திருத்தி எழுதப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொல்பொருளாராய்ச்சியாளருக்குப் பானை ஓடு புதியதன்று. அகழுமிடமெங்கும் மிகுதியாகக் கிடைப்பது அதுவே. எகிப்திய நாட்டுப் பழங்கல்லறைகளை ஆராய்ந்த பிளிண்டர்ஸ் பெற்றி என்னும் ஆங்கில அறிஞர், மட்பாண்டங்களின் வடிவம் காலப்போக்கில் மாறி வந்த முறையைக் கொண்டே அக்கல்லறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தலாம் என 1899 ஆம் ஆண்டிற் காட்டினார். அதன் பின்னர், ஓட்டின் நிறமும் வடிவமும் அதன்மேல் உள்ள கோலமும் காலத்தைக் கணிக்கும் கருவிகளாயின. “நீ எக்காலத்தாய்? எம்மக்களின் கைவேலை?” என்னும் வினாக்களை ஆய்வாளர் ஓட்டை நோக்கி ஓயாது வினவினர். “உன் வயிற்றில் என்ன இருந்தது?” என்னும் எளிய வினாவுக்கு மட்டும் விடை பெறும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

ஆயின், அவ்வினாவுக்கு விடை ஓட்டில் உண்டு என்பதை மட்பாண்டத்திற் சமைத்த எந்தப் பெண்ணும் அறிவாள். புதிதாக வாங்கிய சட்டியில் உடனே கறி ஆக்குவதில்லை; முதலில் அதனை நீரில் ஊறவைத்துக் கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பின்னரே சமையலுக்கு எடுப்பர். மீன் காய்ச்சிய சட்டியிற் பால் காய்ச்சுவதில்லை. எத்துணை கழுவினும் அதன் மணம் போவதில்லை. இலங்கையில் எருமைத் தயிர் மண்முட்டியிற் கெட்டியாக உறைவதற்கு, தயிரில் உள்ள நீரின் ஒரு பகுதியை முட்டியின் சுவர் உறிஞ்சிக்கொள்வதும் ஒரு காரணம். மெருகு பூசப்படாத மட்பாண்டத்தின் சுவர் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. அடுப்பின் வெப்பத்தால் உருகிய கொழுப்பு அத்துளைகளினுட் புகுந்து தங்கிவிடும். கொழுப்பு நீரிற் கரைவதன்று. ஆகையால், பின்னர் அப்பாண்டம் உடைந்து மண்ணினுட் புதையுண்ட போதும், மழைநீர் அதனை எளிதில் அடித்துச் செல்வதில்லை. களிமண்ணின் நுண்துளைக்குள் ஒடுங்கிய கொழுப்பை நுண்ணுயிர்கள் முற்றாக அழிப்பதும் அரிது. இவ்வாறு, சமைத்தவளும் உண்டவரும் மறைந்து பல்லாயிரம் ஆண்டு சென்ற பின்னும், அவர் சமைத்ததன் ஒரு சிறு பங்கு ஓட்டினுள் எஞ்சி நிற்கிறது.

இவ்வெச்சத்தைப் படித்தறிவதற்கு முதலிற் கொழுப்பின் இயல்பை அறிதல் வேண்டியிருந்தது. அதற்கு அடிகோலியவர் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் மிசேல் செவ்ரோல். விலங்குக் கொழுப்பைப் பற்றி அவர் 1823 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், கொழுப்பென்பது கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் சேர்ந்த பொருள் என்பதை நிலைநாட்டியது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1922 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட பூச்சுத்தைலம் ஒன்றைச் சப்மன், பிளெண்டர்லீத் என்னும் இருவர் ஆராய்ந்து, அதன் பெரும்பகுதி விலங்குக் கொழுப்பே என 1926 ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆயினும், அது மன்னனின் கலத்திற் கண்ணாற் காணும் அளவில் இருந்த பொருள். குடியானவனின் உடைந்த சட்டியிற் கண்ணுக்குப் புலப்படாது ஊறிக் கிடப்பதை அறிவதற்கு அதனினும் நுண்ணிய கருவி தேவைப்பட்டது.

அக்கருவிக்கு வழி 1952 ஆம் ஆண்டிற் பிறந்தது. பிரித்தானிய அறிஞர் ஜேம்சும் மாட்டினும் அவ்வாண்டில் வாயு நிறப்பகுப்பு என்னும் முறையை வெளியிட்டனர். ஒரு கலவையை வெப்பத்தால் ஆவியாக்கி, வாயுவின் ஓட்டத்தோடு ஒரு நீண்ட குழாயினூடே செலுத்தினால், அக்கலவையில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தம் இயல்புக்கேற்ப வெவ்வேறு நேரத்தில் மறுமுனையை அடையும். ஒரே சாலையிற் புறப்பட்ட பல வண்டிகள் தத்தம் வேகத்திற்கேற்ப முன்னும் பின்னுமாக ஊர் சேர்வது போன்றது அது. அவ்விருவரும் அம்முறையால் முதன்முதற் பிரித்துக் காட்டிய பொருள்கள் கொழுப்பமிலங்களே. 1976 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் கொண்டமின் முதலானோர் இம்முறையைப் பண்டைய எண்ணெய்ச் சாடிகளிற் பயன்படுத்தினர். சாடியின் உட்சுவரிற் கொழுப்பமிலம் மிகுந்தும் வெளிச்சுவரை நோக்கிக் குறைந்தும் இருந்தது. எண்ணெய் மண்ணிலிருந்து ஓட்டினுள் வரவில்லை, சாடிக்குள் இருந்தே சுவரினுட் புகுந்தது என்பதற்கு அது தக்க சான்றாயிற்று.

ஆய்வு நிகழும் முறையும் அறியற்பாலது. முதலில் ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்குவர். தொட்டவரின் கையழுக்கும் புதைந்த மண்ணின் அழுக்கும் அதனோடு அகலும். பின்னர் ஏறக்குறைய இரண்டு கிராம் அளவான துண்டை எடுத்துத் தூளாக்கி, குளோரோபோம், மெதனோல் முதலிய கரைப்பான்களில் இட்டுக் கொழுப்பைக் கரைத்தெடுப்பர். ஒரு கிராம் தூளில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு கொழுப்பு இருப்பினும் அது ஆய்வுக்குப் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. மனிதரின் தோலில் உள்ள சில பொருள்கள் அதிற் காணப்படின், அகழ்ந்தவரின் விரலே அவ்வோட்டை மாசுபடுத்தியது என்று அறிந்து, அச்சான்றை ஐயத்தோடு நோக்குவர். நீதிமன்றத்திற் சாட்சியை மறு விசாரணை செய்வது போன்ற கண்டிப்பு இத்துறையில் இன்றியமையாதது.

இம்முறையின் ஆற்றலை முதலில் உணர்த்தியவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் நோதாம்ரன் மாவட்டத்து வெஸ்ட் கொற்றன் என்னும் கைவிடப்பட்ட சிற்றூரின் பானைகள் ஆகும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அப்பானைகளில், கோவா எனப்படும் முட்டைக்கோசின் இலைமேல் இயற்கையாகவே படிந்திருக்கும் மெழுகின் கூறுகளை ரிச்சர்ட் எவர்செட்டும் அவருடைய உடனாய்வாளரும் கண்டு 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வூர்ச் சமையற் பானைகளிற் கொழுப்பு அடியினும் விளிம்பின் அருகிலேயே மிகுந்திருந்தது. நீரிற் கொதிக்கும் உணவின் கொழுப்பு மேலே மிதந்து விளிம்போரத்தில் ஊறுவதே அதற்குக் காரணம். அதே வகைப் பானைகளைப் புதிதாகச் செய்து, அவற்றில் இலைகளைக் கொதிக்கவைத்துப் பார்த்தும் இதனை உறுதி செய்தனர். எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒரு குடியானவன் வீட்டுக் கீரைக்கறி, இவ்வாறு ஆயிரம் ஆண்டுக்குப் பின் வரலாற்றிற் பதிவாயிற்று.

இனிப் பாலின் வரலாற்றுக்கு வருவோம். ஆடும் மாடும் மேற்காசியாவிற் கி.மு. 8000 ஆம் ஆண்டுக்கு முன்னரே மனிதனால் வளர்க்கப்படலாயின. அவை முதலில் எதற்காக வளர்க்கப்பட்டன? இறைச்சிக்காகவும் தோலுக்காகவுமே என்றும், பால், கம்பளி, ஏரிழுக்கும் உழைப்பு ஆகிய பயன்களை மனிதன் பெருமளவிற் பெறத் தொடங்கியது கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டளவிலேயே என்றும் பிரித்தானிய அறிஞர் அண்ட்ரூ செறட் 1981 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பால் கறக்கும் காட்சி தீட்டப்பட்ட ஓவியங்களும் அதற்கான கலங்களும் அக்காலத்திலிருந்தே தெளிவாகக் கிடைத்தன. ஆதலின், அவர் கூற்றுப் பலர்க்கும் ஏற்புடையதாயிற்று. விலங்கெலும்புகளைக் கொண்டு அதனை மறுத்தோரும் இருந்தனர். கொல்லப்பட்ட விலங்கின் வயதைக் கொண்டு, கன்றை இளமையிற் கொன்றது தாயின் பாலைப் பெறுவதற்கே என ஒருவர் கூறினால், இளங்கன்றின் இறைச்சியை விரும்பியே எனப் பிறரொருவர் கூறலாம். வழக்கு முடிவின்றி நின்றது.

பானை ஓட்டின் கொழுப்பு இவ்வழக்கைத் தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அங்கும் ஓர் இடையூறு இருந்தது. புதுப் பாலின் கொழுப்பில் அதற்கே உரிய சிறிய கொழுப்பமிலங்கள் பல உண்டு. அவை நெடுங்காலம் மண்ணிற் புதைந்து கிடக்கையில் அழிந்துபோகின்றன. எஞ்சுபவை பாமிற்றிக் அமிலமும் ஸ்தியரிக் அமிலமுமே. மாட்டின் இறைச்சிக் கொழுப்புச் சிதைந்தாலும் எஞ்சுபவை அவ்விரண்டே. பால் காய்ச்சிய சட்டியும் இறைச்சி சமைத்த சட்டியும் ஒரே விடையைத் தந்தன.

இதற்குத் தீர்வு 1998 ஆம் ஆண்டில் ஸ்ரெபனி டட், எவர்செட் ஆகிய இருவரின் ஆய்விற் கிடைத்தது. காபன் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. அவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று சற்றே கனமானது. அதனைக் காபன்-13 என்பர். இவ்வாறு ஒரே மூலகத்தில் நிறையால் வேறுபடும் அணுக்களைச் சமதானிகள் என்பது வழக்கு. புல்லில் உள்ள மாச்சத்தினும் அதில் உள்ள கொழுப்பிற் கனமான காபன் குறைவு. பசு தன் உடற்கொழுப்பைப் பெரும்பாலும் மாச்சத்திலிருந்து பிறக்கும் பொருளைக் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. ஆனால், அதன் பாற்சுரப்பிக்கு ஸ்தியரிக் அமிலத்தை ஆக்கும் திறன் இல்லை. புல்லின் கொழுப்பு பசுவின் முதலிரைப்பையில் நுண்ணுயிர்களால் மாற்றமுற்று ஸ்தியரிக் அமிலமாகிறது. அதனை இரத்தத்திலிருந்து பெற்றே பாற்சுரப்பி பாலிற் சேர்க்கிறது. ஆகவே, பாலில் உள்ள ஸ்தியரிக் அமிலம் இறைச்சியில் உள்ளதனினும் சற்று இலேசானது. அவ்வேறுபாடு ஆயிரத்திற் சில பங்கே. எனினும், கருவி அதனை அளந்து கூறும். பன்றி அசைபோடாத விலங்காதலின் அதன் கொழுப்பு இவ்விரண்டினின்றும் வேறுபட்டு நிற்கும். பல்லாயிரம் ஆண்டு சென்றும் மாறாத இவ்வடையாளம், பாற்சட்டியை இறைச்சிச் சட்டியினின்றும் பிரித்துக் காட்டிற்று.

அதன்பின் வரலாறு விரைவாக மாறியது. பிரித்தானியாவின் தொல்காலக் குடியிருப்புகள் பதினான்கிலிருந்து எடுத்த ஓடுகளின் ஆய்வு 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தீவிற் பயிர்த்தொழில் தொடங்கிய ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட காலத்திலேயே பாற்பயன்பாடு பரவியிருந்தது என அது காட்டியது. 2008 ஆம் ஆண்டில் மேற்காசியாவையும் தென்கிழக்கு ஐரோப்பாவையும் சேர்ந்த 2,200க்கு மேற்பட்ட கலங்களின் ஆய்வு வெளிவந்தது. கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே, அதாவது அந்நிலப்பகுதியில் மட்பாண்டம் பரவிய அதே காலத்திலேயே, மக்கள் பாலைக் காய்ச்சிப் பயன்படுத்தினர் என அது நிறுவியது. மாடு வளர்ப்பதற்கு ஏற்ற ஈரநிலமான மர்மராக் கடற்கரைப் பகுதியில் அச்சான்று மிகுதியாகக் கிடைத்தது. பாலின் வரலாறு செறட் கூறிய காலத்தினும் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு பின்னோக்கி நகர்ந்தது. செறட் கூறிய கம்பளியும் ஏருழைப்பும் வேறு வழக்குகள். பாலைப் பொறுத்தவரை தீர்ப்புத் தெளிவாயிற்று.

ஆனால், ஒரு வினாவின் விடை மற்றொரு வினாவைப் பிறப்பித்தது. பாலில் இலற்றோசு என்னும் வெல்லம் உண்டு. அதனைச் செரிக்கச் செய்யும் நொதியம் குழந்தைகள் அனைவரிடத்தும் சுரக்கும். வளர்ந்தபின் பெரும்பாலோரிடத்து அது குன்றிவிடும். இன்றும் உலகின் முதியோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் அத்தகையோரே எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவின் முதற் பயிர்த்தொழிலாளரின் எலும்புகளை ஆராய்ந்தபோது, வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றலைத் தரும் பரம்பரையலகு அவர்களிடம் காணப்படவில்லை என 2007 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. செரிக்க இயலாத மக்களின் சட்டியிற் பாற்கொழுப்பு எவ்வாறு வந்தது?

விடையின் ஒரு பகுதியைப் போலந்து நாட்டு அகழ்வு தந்தது. அங்குக் குயாவியா என்னும் பகுதியில், துளைகள் பல இடப்பட்ட மட்பாண்ட ஓடுகள் கிடைத்திருந்தன. அவை தேன் வடிக்கும் கலங்கள் என்றும், பானம் வடிப்பவை என்றும், நெருப்பு மூடிகள் என்றும் பலவாறு கருதப்பட்டன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீற்றர் பொகுக்கி, அவை திரைந்த பாலை வடித்துப் பாற்கட்டி செய்த அரிகலங்கள் என 1984 ஆம் ஆண்டில் எழுதினார். சான்றில்லாத ஊகமாகவே அஃது ஏறக்குறைய முப்பது ஆண்டு நின்றது. பின்னர் மெலனி சல்க்கும் அவருடைய உடனாய்வாளரும் அவ்வோடுகளை ஆராய்ந்து, அவற்றில் ஊறியிருந்தது பாற்கொழுப்பே எனக் கண்டனர். அவ்வாய்வு 2013 ஆம் ஆண்டு இதழில் அச்சேறியது. அதே குடியிருப்புகளின் சமையற் சட்டிகளில் இறைச்சிக் கொழுப்பும் சீசாக் கலங்களில் தேன்மெழுகும் இருந்தன. ஏழாயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கலம் வைத்திருந்த அடுக்களைகள் அவை.

நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை கூறுமிடத்து நெய்யரியையும் சேர்த்தெண்ணினார். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றி நிற்பது அதன் இயல்பாதலின். ஆனால், குயாவியாவின் அரிகலம் பற்றி நின்ற கசடே ஆராய்ச்சியாளருக்கு நல்லாசிரியனாயிற்று. பாலைத் திரைத்து வடிக்கும்போது இலற்றோசின் பெரும்பகுதி நீரோடு ஒழுகிவிடும். புளிக்கவைக்கும்போது நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியை அமிலமாக மாற்றும். பால் ஒவ்வாத வயிறும் தயிரையும் மோரையும் பாற்கட்டியையும் ஏற்பதற்குக் காரணம் இதுவே. உடல் மாறுவதற்கு முன்னரே கைத்தொழில் மாறியது. இயற்கை தராத ஆற்றலை அடுக்களை தந்தது.

விடையின் மறுபகுதி 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் அதனை அடுத்தும் உள்ள 554 தொல்லிடங்களின் 13,181 ஓடுகளிலிருந்து பெற்ற 6,899 விலங்குக் கொழுப்பு எச்சங்களை எவர்செட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளரும் ஒன்றுசேர்த்து நோக்கினர். அதனோடு 1,700க்கு மேற்பட்ட பண்டை மக்களின் பரம்பரையலகுச் சான்றையும் ஒப்பிட்டனர். பாலைச் செரிக்கும் பரம்பரையலகு கி.மு. 4700 அளவில் முதன்முதற் காணப்படினும், கி.மு. 1000 வரையில் அது பரவலாகவில்லை. பால் அருந்தும் வழக்கமோ அதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்தது. பால் அருந்தும் அளவு எங்கே கூடிற்றோ அங்கே அப்பரம்பரையலகும் பரவியது என்னும் பழைய எண்ணம் பொருந்தவில்லை. பஞ்சமும் நோயும் மிகுந்த காலங்களுக்கே அப்பரவல் நன்கு பொருந்திற்று. நல்ல உடல்நிலையில் உள்ளவர்க்குப் பால் ஒவ்வாமை வயிற்றுவலியோடு நின்றுவிடும். உணவின்றி மெலிந்தவர்க்கோ நோயுற்றவர்க்கோ அதனால் விளையும் வயிற்றுப்போக்கு உயிரையே பறிக்கும். பயிர் பொய்த்த ஆண்டில், வேறுணவின்றிப் பாலையே நம்பியிருந்த குடும்பங்களில், அதனைச் செரிக்க இயன்றோர் பிழைத்தனர். இயலாதோர் பலர் மடிந்தனர் என்பது அவ்வாய்வாளரின் கருத்து. இன்று ஐரோப்பியர் பலர் தடையின்றிப் பால் அருந்துவதற்குப் பின்னே அம்முன்னோரின் பஞ்சம் நிற்கிறது.

இவ்வாய்வு ஐரோப்பாவோடு நின்றதன்று. ஆபிரிக்காவின் சகாராப் பாலைவனம் ஒரு காலத்திற் பசும்புல் செறிந்த நிலமாயிருந்தது. அங்குப் பாறைகளில் மாட்டு மந்தைகளும் பால் கறக்கும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளன. ஆனால், அவற்றின் காலத்தை நேரே கணிப்பது கடினம். லிபியாவின் தகர்க்கோரிப் பாறைக்குகையில் எடுத்த ஓடுகளை ஜூலி டன் முதலானோர் ஆராய்ந்து, கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் அங்குப் பால் பயன்பட்டது என 2012 ஆம் ஆண்டில் நிறுவினர். ஓவியன் தீட்டிய காட்சிக்கு ஓடு சாட்சி கூறிற்று. அவ்வறிஞரே பின்னர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிற் குழந்தைகளின் கல்லறைகளில் வைக்கப்பட்டிருந்த சிறு கலங்கள் மூன்றை ஆராய்ந்தார். கைக்கு அடக்கமான அக்கலங்களுக்கு மூக்குப் போன்ற சிறு குழாய் உண்டு; தமிழர் வீடுகளிற் குழந்தைக்குப் பாலூட்டப் பயன்பட்ட பாலடையை ஒத்த தோற்றம். வெண்கலக் காலத்தையும் இரும்புக் காலத்தையும் சேர்ந்த அவற்றுள் இரண்டில் அசைபோடும் விலங்கின் பாற்கொழுப்பு இருந்தது என 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாய்ப்பாலுக்கு மாற்றாகவோ துணையாகவோ அப்பால் ஊட்டப்பட்டது. பெயரறியாத் தாய் ஒருத்தி தன் குழந்தையைக் காக்க முயன்றாள், முயன்றும் இழந்தாள், இழந்தபின் அக்கலத்தையும் உடன் வைத்தாள் என்னும் அளவுக்கு ஒரு சிறு மண்கலம் பேசுகிறது.

ஓட்டினுள் உறைந்த கொழுப்பு, உணவின் பெயரை மட்டுமன்றி அதன் காலத்தையும் கூறவல்லது. உயிரிகளின் உடலில் உள்ள காபன்-14 இறப்பின் பின் ஒரு குறித்த வேகத்திற் குறைந்து செல்லும். ஓட்டிலிருந்து பாமிற்றிக், ஸ்தியரிக் அமிலங்களைத் தனித்தனியே தூய்மையாகப் பிரித்து, அவற்றிலுள்ள காபன்-14ஐ அளந்து காலம் கணிக்கும் முறையை எவர்செட்டின் குழுவினர் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காலம் முன்னரே உறுதியான இடங்களின் ஓடுகளில் முதலில் அதனைச் சோதித்தனர். பின்னர் இலண்டன் மாநகரின் சோடிச் பகுதியிற் கிடைத்த ஓடுகளின் காலத்தைக் கணித்தபோது, அவை ஏறக்குறைய 5,500 ஆண்டுக்கு முற்பட்டவை எனத் தெரிந்தது. இன்று மாளிகைகள் நெருங்கிய அந்நிலத்தில் அன்று ஆடுமாடு வளர்த்தோர் இறைச்சியும் பாலும் சமைத்தனர்.

ஆயினும், ஓடு கூறுவதனைத்தையும் முழு உண்மையாகக் கொள்ளுதல் தவறு. ஒரு சட்டி ஒரே நாள் சமையலுக்கு உரியதன்று. அதன் வாழ்நாள் முழுதும் அதிற் சமைத்தவை யாவும் ஒன்றன்மேலொன்றாக ஊறிக் கலந்து நிற்கும். தானியத்திலும் கிழங்கிலும் கொழுப்புக் குறைவு; ஆகையால், நாள்தோறும் கஞ்சி காய்ச்சிய பானை அதனைப் பற்றி ஒன்றும் கூறாமல், எப்போதோ ஆக்கிய இறைச்சியைப் பற்றி மட்டும் பேசக்கூடும். கலத்திற் கொழுப்பு உண்டென்றால் அது உண்ணப்பட்டது என்பதுமில்லை. விளக்கெரிக்கவோ, நீர் கசியாதிருக்கக் கலத்தின் உட்புறத்தில் பூசவோ அது பயன்பட்டிருக்கலாம். வெப்பமிகு நாடுகளில் அது குளிர்நாடுகளிற் போல் நன்கு எஞ்சுவதுமில்லை.

இவ்வெச்சரிக்கையின் தேவையைச் சிந்துவெளி நாகரிகத்தின் ஓடுகள் நன்கு விளக்கும். வடமேற்கு இந்தியாவிலுள்ள அந்நாகரிகக் குடியிருப்புகளின் 172 ஓடுகளை அக்ஷயேதா சூரியநாராயண் முதலானோர் ஆராய்ந்து 2021 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். விலங்குக் கொழுப்பே அவற்றில் மேலோங்கி நின்றது; பல எச்சங்களின் அளவு பன்றிக் கொழுப்பின் அளவை ஒத்திருந்தது. ஆனால், அவ்விடங்களிற் கிடைத்த எலும்புகளிற் பன்றியெலும்பு மிகச் சிறிது. ஆதலின், தாவர உணவும் இறைச்சியும் ஒரே கலத்திற் கலந்ததாலும் அவ்வளவு தோன்றியிருக்கலாம் என ஆய்வாளர் அடக்கத்தோடு எழுதினர். செய்தித்தாளின் தலைப்புக்கோ மேடைப் பேச்சுக்கோ ஒரே சொல்லில் விடை வேண்டும். ஆராய்ச்சியாளன் அதனைக் கொடுக்க மறுக்கவேண்டிய வேளையும் உண்டு. குஜராத்தின் கோட்டடா பாட்லி என்னும் சிந்துவெளிக் குடியிருப்பில் மட்டும், கி.மு. 2500 அளவிற் பாற்பொருள் பயன்பட்டதற்கான சான்று ஓடுகளில் தெளிவாகக் கிடைத்தது என 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரே நாகரிகத்தினுள்ளும் ஊருக்கு ஊர் அடுக்களை வேறுபட்டது போலும்.

அகழ்வோர் கைக்கொள்ள வேண்டிய பாடமும் இதில் உண்டு. முற்காலத்தில் அழகிய கலங்களைக் காட்சிச்சாலைக்கு எடுத்து, அவற்றைத் தேய்த்துக் கழுவி, ஒட்டி, மெருகிட்டு வைத்தனர். அலங்காரமற்ற சமையல் ஓடுகளை எண்ணிவிட்டு எறிந்தனர். கழுவிய கலம் கண்ணுக்கு இனியது; கழுவாத ஓடே வரலாறு அறிந்தது. புகையேறிய ஒரு துண்டைக் கையால் தடவாமல், குழைமத்தாளிற் பொதியாமல், மண்ணோடு எடுத்து வைத்தால், அது தன் வாக்குமூலத்தைக் கூறும் நாள் வரும்.

மாடங்களை எழுப்பியோர் பெயர் மாடங்களோடு நின்றது. மாடு கறந்து, பால் காய்ச்சி, திரைத்து வடித்து, பஞ்சத்திலும் நோயிலும் ஒரு குடும்பத்தைக் காத்தோரின் பெயர் எங்கும் இல்லை. செரியாத பாலை உணவாக மாற்றும் வழியைக் கண்டவர் எவர் எனக் கேட்பின், அதற்கு விடை கூறும் கல்வெட்டு ஒன்றும் கிடையாது. ஆயின், அவர்தம் செய்கை அழியவில்லை. அவர் உடைத்தெறிந்த சட்டியின் ஓர் ஓடு, ஒரு கிராமின் பத்து இலட்சத்திற் சில பங்கு அளவான கொழுப்பைப் பொத்திவைத்து, ஏழாயிரம் ஆண்டாக மண்ணிற் காத்துக் கிடந்தது. அதனிடம் தக்கவாறு வினவக் கற்றதே இக்கால அறிவின் பெருமை. அது கூறியதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதிருப்பதே அவ்வறிவின் அறம்.